மாரியாயி வீட்டின் மூன்றாவது சாவி

அண்மையில் ஊட்டியில் ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். பெற்றோரைப் பிரிந்து வளர்ப்புக் குடும்பங்களில் இருக்கும் பிள்ளைகளுக்காக வேலை செய்யப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான வகுப்பு அது. ஓய்வு பெற்றுவிட்ட என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு பையன் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டி, பதினெட்டு வயதைத் தாண்டும் பிள்ளைக்கு எந்த உதவி எங்கே கிடைக்கும் என்று வரிசையாக இருந்ததைத் தள்ளித் தள்ளிக் காட்டினான்.

“இதெல்லாம் இல்லாத காலத்துல நீங்க எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?”

“நடந்துதான்” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அங்கே விளக்கிச் சொல்ல நேரம் போதவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அப்பா எஸ்டேட் எஸ்டேட்டாக மாறினார். ஒவ்வொரு மாற்றத்திலும் எனக்கு ஒரு பள்ளிக்கூடம் போனது. பிறகு நானே மாற ஆரம்பித்தேன். கேத்தியில் கேரட் பிடுங்கினேன், திருப்பூரில் பனியனுக்குப் பிசிறு வெட்டினேன், குன்னூரில் ஒரு பள்ளி விடுதியில் சமைத்தேன். கல்யாணம் ஒன்று நடந்தது. அதுவும் நிற்கவில்லை. எனக்கு ஒரே இடத்தில் அடுப்பு சூடேறினால் கால் அரிக்கும். இப்படித் திரிந்ததில் மலையில் எந்தப் பாதை எங்கே முடியும், எந்த லயத்தில் யார் யாரோடு பேச்சு வார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள் என்பது வரை தெரிந்துவிட்டது. லயம் என்றால் எஸ்டேட் ஆட்களுக்குக் கட்டிய வரிசை வீடுகள். நாங்கள் இலங்கையிலிருந்து கொண்டுவந்த சொல்.

அந்த அறிவுக்குத்தான் பின்னால் எனக்கு வேலை கிடைத்தது. விடுதி வாசலில் ஒருநாள் ஒரு ஜீப் நின்றது. கேத்திப் பக்கம் ஓர் எஸ்டேட்டுக்கு வழி கேட்டார் உள்ளே இருந்த அம்மா. நான் வழியைச் சொல்லி, “அங்க யாரைப் பாக்கணும்?” என்று கேட்டேன். பெயரைச் சொன்னார். “அந்த வீட்டுக்கா பிள்ளையைக் கொடுக்கப் போறீங்க? அவுங்க பக்கத்து வீட்டையும் கொஞ்சம் விசாரிங்க” என்றேன். அந்த அம்மா இறங்கி வந்து சமையலறையில் உட்கார்ந்துகொண்டார். அவர்தான் ரெஜினா மேடம். கூடலூரில் இருந்த எங்கள் சின்னச் சங்கத்துக்குப் பொறுப்பாளர். அடுத்த மாதமே நான் அந்த ஜீப்பில் இருந்தேன்.

பச்சைத்தேயிலை விலை விழுந்து கிடந்த வருடங்கள் அவை. பறித்தால் பறிகூலிக்குக் கட்டாது என்று சிறு தோட்டக்காரர்கள் செடியை அப்படியே வளர விட்டார்கள். இடுப்பளவு இருக்க வேண்டிய தேயிலை ஆளுயரத்துக்கு நின்றது. ஃபேக்டரிகள் வாரத்தில் பாதி நாள் புகைவதில்லை. இளவயதுக்காரர்கள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இறங்கினார்கள். போனவர்களில் சிலர் பணம் அனுப்பினார்கள், சிலர் சேதி மட்டும் அனுப்பினார்கள், சிலரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பிள்ளைகள் மலையிலேயே நின்றுவிட்டார்கள்.

அந்தப் பிள்ளைகளை விடுதியில் அடைக்காமல், அதே பள்ளிக்கூடத்துக்குப் போகும்படி பக்கத்திலேயே ஒரு குடும்பத்தில் வைப்பது எங்கள் வேலை. தத்துக் கொடுப்பது இல்லை. பெற்றவர்கள் திரும்பி வந்தால் பிள்ளை அவர்களோடு போகும். வராவிட்டால் பதினெட்டு வயதுவரை வளர்ப்பு வீடு. அதற்குமேல் சங்கத்தின் உதவி நின்றுவிடும்.

வீடு பார்ப்பதில் மேடத்துக்கு ஒரு முறை இருந்தது. முன்னறையில் நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். நேராக அடுப்படிக்குப் போய்த் தரையில் உட்காருவார். டீ வேண்டாம் என்பார், தண்ணீர் கேட்பார். தண்ணீரை யார் கொண்டுவருகிறார்கள், யார் யாருக்கு உத்தரவு போடுகிறார்கள் என்று பார்ப்பார். பிறகு ஒரே கேள்வி: “பிள்ளை எங்க தூங்கும்?” சொன்னால் போதாது, பாயை விரித்துக் காட்ட வேண்டும். பாய் வாசற்படிக்குப் பக்கத்தில் விரிந்தால் அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது. ஜீப்பில் ஏறியதும் “இந்த வீடு வேண்டாம்” என்பார். வீட்டுக்குள் எதையும் எழுத மாட்டார். வளைவு தாண்டி ஜீப்பை நிறுத்தச் சொல்லித்தான் எழுதுவார்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு சொல்தான் அவருக்குப் பிரம்பு. நாம் யோசித்து யோசித்து ஒரு வழி கொண்டுபோவோம். முழுக்கக் கேட்டுவிட்டு “வேற?” என்பார். இன்னொன்று சொன்னால் அதற்கும் “வேற?” ஒன்றும் இல்லை என்றால், “சரி, நாளைக்கு வா.” முதல் வருடம் அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். இரண்டாம் வருடம் பஸ்ஸில் வரும்போதே எனக்கு நானே “வேற?” கேட்டுக்கொள்ள ஆரம்பித்தேன். அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் நாலைந்து வழி கையில் இருக்கும்.

உதவி என்பது ஏதோ ஆபீசில் பூட்டி வைத்திருக்கும் பொருள் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். கொஞ்சம் அங்கேயும் இருக்கும். மீதி, கூடலூர் பஜாரில் செருப்புக்கடை வைத்திருந்த காதர் பாயிடம் இருந்தது. பள்ளி திறக்கும் வாரத்தில் நான் கடைக்குள் நுழைந்தாலே, “வந்துட்டியாம்மா, இந்தத் தடவை எத்தனை ஜோடிக் காலு?” என்பார். பஸ் கண்டக்டரிடம் இருந்தது. பிள்ளை எந்த நிறுத்தத்தில் ஏறவில்லை என்பது ஆசிரியருக்கு முன்னால் அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் இருந்தது. சுமதி அங்கேதான் வழி கண்டாள்.

சுமதி வளர்ந்தது மாரியாயி அக்கா வீட்டில். நெல்லியாளத்துக்கு மேலே ஓர் எஸ்டேட்டின் கடைசி லயத்தில், கடைசி வீடு. மாரியாயி அக்கா விதவை, பிள்ளை இல்லாதவர், தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஆள். சுமதியின் அப்பா அம்மா திருப்பூர் போய் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்துவிட்டார்கள். நாலாம் வகுப்பில் வந்த பிள்ளை ப்ளஸ் டூ முடித்துவிட்டாள். ஒருமுறை காய்ச்சலில் இரத்தம் எடுத்தபோது, “இதுல எப்படிங்க காய்ச்சல் தெரியும்?” என்று ஆய்வகத்துப் பெண்ணை அவள் கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் நுண்ணோக்கியில் கண்ணை வைக்கச் சொல்லியிருக்கிறாள். அதிலிருந்து சனிக்கிழமை தோறும் அங்கே போய் நின்றாள். அந்தப் பெண்ணே விசாரித்துச் சொல்லி, கோயம்புத்தூரில் ஆய்வகப் படிப்புக்கு இடமும் கிடைத்துவிட்டது. மாலையில் சமையலில் கைகொடுத்தால் கட்டணம் இல்லாமல் தங்க ஒரு பெண்கள் விடுதியை நான் பிடித்தேன். விடுதியில் சமைத்த பழக்கத்தில் அங்கே யாரிடம் பேச வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பதினெட்டு முடிய இருந்தது. எல்லாம் அமைந்துவிட்டது என்று கடைசி முறையாக வீடு பார்க்கப் போனேன்.

மாரியாயி அக்கா புதுக் கொழுந்துக் கூடை ஒன்றுக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தார்.

“யாருக்குக்கா கூடை?”

“புள்ளைக்குத்தான். வார மாசம் எனக்கு ரிட்டயரு. அவளுக்கு பதினெட்டு. எஸ்டேட்டுத் தொரைக்கிட்ட சொல்லிட்டேன், என் எடத்துல அவ பேரைப் பதியச் சொல்லி.”

எஸ்டேட் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். லயத்து வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம். வேலையில் பேர் பதிந்த ஆள் இருக்கும்வரைதான் வீடு. வயதாகி நின்றால் காலி செய்ய வேண்டும். ஆனால் அதே வீட்டிலிருந்து இன்னொருவர் அந்த இடத்தில் பேர் பதிந்தால் வீடு அந்தக் குடும்பத்திடமே நிற்கும். மலை முழுக்கப் பிள்ளைகள் இப்படித்தான் கொழுந்துக்குப் போனார்கள். பாதி வேலைக்காக, பாதி வீட்டுக்காக.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “படிக்கப் போற பிள்ளைக்குக் கூடையாக்கா கட்டுறீங்க? இதுக்குத்தான் இத்தன வருசம் வளத்தீங்களா?”

அவர் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “வாயை அளந்து பேசு, பாக்கியம்” என்றார். சுமதியைப் பின்பக்கம் கூட்டிப்போய்க் கேட்டேன். “நானே சரின்னுட்டேங்க்கா. படிப்பு வேண்டாம்” என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். ஒரே பாவாடையை மூன்று தடவை பிழிந்தாள்.

கூடலூர் போய் மேடத்திடம் கொட்டினேன். பிள்ளையை இன்றைக்கே அங்கிருந்து எடுத்துவிட வேண்டும் என்றேன்.

“வேற?”

“பிள்ளையை விடுதிக்கும் அக்காவை முதியோர் இல்லத்துக்கும் அனுப்பலாம்.”

“வேற?”

“வேற ஒண்ணும் இல்ல மேடம்.”

அன்றைக்கு அவர் நாளைக்கு வா என்று சொல்லவில்லை. “அந்த வீடு யாருக்கு வேணும்னு கேட்டியா?” என்றார்.

“மாரியாயி அக்காவுக்குத்தான்.”

“அவங்க சொன்னாங்களா? நீ சொல்றியா?”

மறுநாள் இரண்டு பேரையும் அடுப்படியில் ஒன்றாக உட்கார வைத்து, மேடம் மாதிரி தரையில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கேட்டேன். “இந்த வீடு யாருக்கு வேணும்?”

“எனக்கு எதுக்கு?” என்றார் மாரியாயி அக்கா. “நான் என் தங்கச்சி மக ஊட்டுல ஒரு மூலையில கெடந்துக்குவேன். இவளுக்கு நாளைக்கு யாரு இருக்கா? சங்கமும் கைய விட்டுரும். படிச்சு வேல கெடைக்கலன்னா எங்க வந்து நிப்பா? பேரைப் பதிஞ்சா கூரையாச்சும் இருக்கும். எங்கிட்ட குடுக்கறதுக்கு வேற என்னா இருக்கு?”

சுமதி நிமிர்ந்தாள். “எனக்கா? நான் உனக்குன்னு நெனச்சேம்மா. நான் போயிட்டா உன்னைய வெளிய தள்ளிருவாங்கன்னுதான் சரின்னேன்.”

“எனக்காகவா? அடி கிறுக்கி!”

“நீதான் கிறுக்கி! வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?”

“நீ தொறந்தியா?”

அதுவரை பிடித்து வைத்திருந்த அழுகையைச் சுமதி அப்போதுதான் விட்டாள். மாரியாயி அக்கா அவளைத் திட்டிக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டார். ஒருத்தி தன்னிடம் இருந்த ஒரே சொத்தைக் கொடுக்கிறாள், மற்றவள் அதைக் கடனாக நினைத்துத் தலையில் ஏற்றிக்கொள்கிறாள். வேலையும் வீடும் ஒரே கூடைக்குள் கிடக்கும் லயத்தில்தான் இப்படி நடக்கும்.

கோபம் போய்விட்டது, ஆனால் வீட்டுப் பிரச்சினை அப்படியே இருந்தது. சுமதி போனால் வீடு போகும். வீடு போனால் லீவுக்கு அவள் வந்து இறங்க இடமில்லை. விடுதியை லீவில் பூட்டிவிடுவார்கள். பதினெட்டைத் தாண்டிய பிள்ளைகள் படிப்பில் தோற்று நான் பார்த்ததைவிட, லீவில் போக இடமில்லாமல் தோற்றுப் பார்த்ததுதான் அதிகம்.

பஸ்ஸில் திரும்பும்போது “வேற? வேற?” என்று கேட்டுக்கொண்டே வந்தேன். அதுவரை நான் ஆளுக்கு வீடு தேடியே பழகியவள். இப்போது ஒரு வீட்டுக்கு ஆள் வேண்டும். எங்கள் பிள்ளைகளில் வீடில்லாமல் இருப்பது யார் என்று நினைத்ததும் கலா ஞாபகம் வந்தாள். பந்தலூரில் ஒரு வளர்ப்பு வீட்டில் இருந்து, பதினெட்டு முடிந்ததும் தானே கிளம்பியவள். கேத்தியில் கேரட் கழுவுகிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

அங்கேயே தேடிப் போனேன். முழங்கால்வரை தொட்டித் தண்ணீரில் நின்று கேரட்டை மிதித்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்கக்கா, ரெண்டு வருசம் கழிச்சுத்தான் என் மூஞ்சி ஞாபகம் வந்துச்சா?”

“வேலை ஒண்ணு இருக்கு. வீடும் இருக்கு.”

“யாரு ஊடு?”

சொன்னேன். கேட்டுக்கொண்டே மிதித்தாள். பக்கத்தில் நின்ற பெண்கள், “போடி, மகாராணி, பல்லக்கு வந்துருக்கு” என்று கிண்டல் செய்தார்கள்.

“கொழுந்து எடுக்கறதெல்லாம் பழகிக்குவனுங்க” என்றாள் கலா. “ஆனா ஒண்ணு. சாவி எனக்கு வேணும். பந்தலூர் ஊட்டுல என்னைய நல்லாத்தான் வெச்சிருந்தாங்க, குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா ஸ்கூல் விட்டு வந்தா அவுங்க வார வரைக்கும் வாசல்லயே உக்காந்திருப்பேன். மழை வந்தா மாட்டுக் கொட்டாயி. சாவி கேட்டா, உனக்கெதுக்கும்பாங்க. இங்க கொட்டகைல படுத்திருக்கேன், இதுக்குக் கதவே இல்ல. கதவு இருக்கற எடத்துக்கு வந்தா சாவி எங்கையில இருக்கணும்.”

பல வீடுகளில் பாய் விரித்துப் பார்த்திருக்கிறேன். சாவியை நான் ஒருநாளும் கேட்டதில்லை. மேடமும் கேட்டதில்லை.

மாரியாயி அக்காவின் சாவி அவர் இடுப்பில் இருக்கும். கலா வருவதற்குச் சரி என்றவர், அவள் நிபந்தனையைச் சொன்னதும், “இன்னும் வந்து சேரல, அதுக்குள்ள சாவியா?” என்றார். சுமதிதான் அவரை இழுத்துக்கொண்டு பஜாருக்குப் போனாள். ஒன்றுக்கு இரண்டாகச் சாவி வெட்டி வந்தார்கள். இரண்டாவது கலாவுக்கு. மூன்றாவதைச் சுமதியிடம் நீட்டி, “நீ விருந்தாளி மாதிரி வந்து கதவைத் தட்டுனா நான் தொறக்க மாட்டேன்” என்றார் மாரியாயி அக்கா.

பேர் பதியும் நாளில் நானும் போனேன். ஆட்கள் திருப்பூருக்கு இறங்கிக்கொண்டே இருந்ததால் எஸ்டேட்டில் கை பற்றாக்குறை. அது எங்களுக்குச் சாதகம். ஆனாலும் ஃபீல்டு ஆபீசர் கலாவை மேலும் கீழும் பார்த்தார்.

“உனக்கு ஒரு பொண்ணுதான, அதுவும் சங்கத்துப் பொண்ணு. இது யாரு புதுசா?”

“மகதாங்க.”

“எப்பப் பெத்த?”

“போன வாரம்” என்றார் மாரியாயி அக்கா. “நீங்க கேட்டது என் ஊட்டுல இருந்து ஒரு ஆளு. இவ என் ஊட்டுல இருக்கா, என் அடுப்புல சமைக்கிறா. பக்கத்து ஊட்டைக் கேளுங்க, காரம் அதிகம்னு சொல்லுவாங்க. கைய வேணும்னா பாருங்க. பச்சத்தண்ணியில ரெண்டு வருசம் நின்ன ஆளு.”

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஆபீசரும் சிரிப்பை அடக்க முடியாமல் பேரை எழுதிக்கொண்டார்.

இதோடு சுபம் என்று நினைக்க வேண்டாம். சுமதி கோயம்புத்தூர் போனதும் மற்ற இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. கலா வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வரவில்லை என்று மாரியாயி அக்கா கத்துவார். பெற்ற அம்மாவே இப்படிக் கேட்டதில்லை என்று கலா கத்துவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பையோடு நாடுகாணி பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். நிலம்பூர்ப் பக்கம் போகிறாளாம். ஏதோ வேலை இருக்கிறதாம்.

“எனக்கு ஒரே எடத்துல இருக்க முடியலக்கா.”

இதை என்னிடம் சொல்கிறாள்! நான் தடுக்கவில்லை. என்னை யாராவது தடுத்திருந்தால் அன்றைக்கே ஓடியிருப்பேன்.

“இந்தாங்க, சாவிய அவுங்ககிட்டக் குடுத்துருங்க.”

“அத நான் தொட மாட்டேன். எடுத்துட்டுப் போ” என்றேன். “போறதுக்கு சாவி வேண்டாம். வரதுக்குத்தான் வேணும்.”

பஸ் ஏறிப் போய்விட்டாள். மாரியாயி அக்காவிடம் போய்ச் சொன்னேன். “பெரட்டுக்கு ஆள் வரலன்னா பேரை வெட்டிருவானே” என்று பதறினார். பெரட்டு என்றால் காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் இடம். திங்கட்கிழமை அவரே அங்கே போய், கலாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறார். செவ்வாய்க்கிழமையும் காய்ச்சல். புதன்கிழமை, காய்ச்சலுக்கு வைத்தியம் சொன்ன ஆபீசருக்குப் பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் கதவு திறந்திருந்தது. கலா உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். எங்கே போனாய் என்று அவர் கேட்கவில்லை. “காரத்தைக் கொறைச்சுப் போடு” என்று மட்டும் சொன்னாராம். அதற்குப் பிறகும் கலா இரண்டு மூன்று தடவை கிளம்பினாள். ஒவ்வொரு தடவையும் சாவியோடு போய்ச் சாவியோடு வந்தாள்.

நடந்ததையெல்லாம் ஜீப்பில் போகும்போது மேடத்திடம் சொன்னபோது அவர் “வேற?” என்று கேட்கவில்லை. ஜீப்பை நிறுத்தச் சொல்லி எழுதினார். அடுத்த வாரத்திலிருந்து வீடு பார்க்கும்போது இன்னொரு கேள்வி சேர்ந்தது. வளர்ந்த பிள்ளை இருக்கும் வீடாக இருந்தால், பாயை விரித்துக் காட்டிய பிறகு, “பிள்ளைகிட்ட சாவி இருக்கா?” பல வீடுகளில் திகைத்தார்கள். சில வீடுகளில் அன்றே ஒன்று வெட்டினார்கள். கைப்பேசியை நீட்டிய தம்பிக்கு இதைத்தான் சொல்ல விரும்பினேன். உன் வரிசை நல்ல வரிசை, வைத்துக்கொள். ஆனால் கடைசியில் இந்தக் கேள்வியையும் போட்டுக்கொள்.

சுமதிக்கு முதல் லீவு விட்ட அன்று நான் வேறு வேலையாக அந்த எஸ்டேட்டுக்குப் போயிருந்தேன். நடுப்பகல். கலா மலைமேல் கொழுந்துக்குப் போயிருந்தாள். மாரியாயி அக்கா ரேஷன் கடைக்குப் போயிருந்தார். லயத்தில் ஆள் நடமாட்டமே இல்லை. கடைசி வீட்டு வாசலில், ஊர்ச் செம்மண் இன்னும் ஒட்டாத செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. காதர் பாய் கடையில் நான் வாங்கிக் கொடுத்தது. பூட்டு திறந்து கொண்டியில் தொங்கியது, சாவி அதிலேயே இருந்தது. எட்டிப் பார்த்தேன். சுமதி பெட்டியைக்கூடத் திறக்காமல், தன் பாயைத் தானே எடுத்து அடுப்புச் சுவர் ஓரமாக விரித்து, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

எழுப்பவில்லை. பூட்டிலிருந்த சாவியைக் கழற்றி அவள் செருப்புக்குள் வைத்துவிட்டு, அடுத்த வீட்டைப் பார்க்க நடந்தேன்.